அக்கி ஆறிய பிறகும் ஏன் எரிகிறது?

கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுனில்) இருக்கும் என் அத்தைக்குப் போன ஐப்பசியில் அக்கி வந்தது. இடது விலாவில், பாதி ஒட்டியாணம் போட்ட மாதிரி, மார்புக்குக் கீழிருந்து முதுகெலும்பு வரை சிவந்து கொப்புளித்த ஒரு பட்டை. அடுத்த தெருவில் மண்பானை செய்யும் பெரியவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டார். நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். விஷயம் காதில் விழுந்ததும் டாக்டரிடம் கூட்டிப்போய் வைரஸ் மாத்திரை எழுதி வாங்கினேன். இரண்டு வைத்தியமும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. மூன்று வாரத்தில் பொருக்கு உதிர்ந்து தோல் ஆறிவிட்டது.

மாசி வந்தது. எரிச்சல் மட்டும் போகவில்லை. ஃபேன் காற்று பட்டால் எரிகிறது. முந்தானை உரசினால் மிளகாய்த்தூளைத் தூவிய மாதிரி இருக்கிறதாம். இதில் ஒரு விசித்திரம் உண்டு: உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தால் அவ்வளவு வலி இல்லை. லேசாக உரசினால்தான் துடிக்கிறார். ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "புண்ணு ஆறிடுச்சும்மா, இனிமே வலி எல்லாம் மனசுலதான்" என்று அனுப்பிவிட்டார். அத்தை நேராக என் கடைக்கு வந்தார்.

"தோல்ல ஒண்ணுமே இல்லையேப்பா. அப்ப எது வலிக்குது?"

கடையில் கூட்டம். "நரம்பு வலி அத்தே" என்று சொல்லி, சீட்டில் இருந்த மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அது பதில் ஆகாது என்று எனக்கே தெரியும். நிதானமாக உட்கார்ந்து சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதை இங்கே எழுதுகிறேன்.

இரவில் கரண்ட் போன நேரம் பார்த்து நிலைப்படியில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். முதலில் சுரீர் என்று ஒரு வலி. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, எரிச்சலும் குடைச்சலுமாக இன்னொரு வலி. இடி ஒன்றுதான், செய்தி கொண்டுபோகும் நரம்பு இழைகள் இரண்டு வகை. மெல்லிய உறை போர்த்திய இழை முதல் செய்தியை வேகமாகக் கொண்டுபோகிறது. உறையே இல்லாத இன்னொரு வகை இழையின் வேகம் நொடிக்குச் சுமார் 1 மீட்டர். கெடிலம் பாலத்தில் காய்கறிப் பையோடு நடந்து போகிறவரின் வேகம். காலிலிருந்து இடுப்புக்கு வந்து சேரவே அதற்கு ஒரு நொடி ஆகிவிடும். இந்த இரண்டும் தவிர, தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த இழைகள் தனி. அவை நொடிக்கு 30 முதல் 70 மீட்டர் வரை பறக்கும்.

இந்த மூன்றும் நேராக மூளைக்குப் போவதாகத்தான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போவதற்கு முன்னால் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தில் ஏறியாக வேண்டும். தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி தெரியும். அதன் முதுகுப்பக்கத்து இறக்கைகளுக்குப் பின்கொம்பு என்று பெயர். வலிச் செய்தி முதன்முதலில் கைமாறுகிற இடம் அதுதான். ஸ்வீடன் நாட்டு ரெக்செட் 1952இல் பூனையின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் பார்த்து, இந்தச் சாம்பல் பகுதியை அடுக்கு அடுக்காகப் பிரித்தார். மேலிருந்து இரண்டாவது அடுக்கு, பார்வைக்கு இளநீர் வழுக்கை மாதிரி கொழகொழவென்று இருக்கும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த வழுக்கைக்குள்ளும் அதைச் சுற்றியுமே நடக்கிறது.

அங்கே இருக்கும் நரம்புச் செல்கள் எல்லாம் செய்தியை மேலே அனுப்பும் வேலையைச் செய்வதில்லை. எலிகளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: மேலடுக்குகளில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரையிலான செல்களுக்கு ஒரே வேலை, பக்கத்துச் செல்லை அடக்குவது. "சத்தம் போடாதே, இது பெரிய விஷயம் இல்லை" என்று சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள். நாள் முழுக்க சட்டை உரசுகிறது, பெல்ட் அழுத்துகிறது, நாற்காலி குத்துகிறது. அத்தனையும் வலியாகப் போய்ச் சேராமல் இருப்பது இவர்கள் புண்ணியத்தில்தான்.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் இதை ஒரு கதவாக உருவகித்து எழுதினார்கள். தண்டுவடத்தில் ஒரு கேட் இருக்கிறது, தடித்த தொடு இழைகள் அதை மூடப் பார்க்கும், மெல்லிய வலி இழைகள் திறக்கப் பார்க்கும் என்பது சுருக்கம். அவர்கள் வரைந்த படத்தின் சில கம்பிகள் தவறு என்று பிறகு தெரிந்தது. ஆனால் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. குழந்தை விழுந்து அடிபட்டால் பாட்டி ஓடிப்போய் அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறாளே, அந்தத் தேய்ப்பு தொடு இழைகளை உசுப்பி அடக்கும் செல்களை வேலைக்கு அனுப்புகிறது. பிசியோதெரபி சென்டரில் தோலில் ஒட்டி லேசாகக் கரண்ட் கொடுக்கிற டென்ஸ் மெஷினும் இதே யோசனையிலிருந்து பிறந்ததுதான்.

சரி, ஒரு செல் இன்னொரு செல்லை எப்படி அடக்கும்? கையைப் பிடித்து இழுக்க முடியாது. ஒரு துளி வேதிப்பொருளைத் தூவும். தண்டுவடத்தில் அப்படித் தூவப்படுபவை முக்கியமாக இரண்டு: கிளைசின், காபா. கிளைசின் என்பது அமினோ அமிலங்களிலேயே சின்னது. ஆட்டுக்கால் சூப்பில் ஏராளம். (சூப் குடித்தால் வலி தீருமா என்று கேட்க வேண்டாம். ரத்தத்தில் கலந்த கிளைசின் அவ்வளவு சுலபமாகத் தண்டுவடத்துக்குள் நுழைந்துவிடாது.) இந்தக் கிளைசினுக்குத் தண்டுவடத்தில் இப்படி ஒரு வேலை இருக்கலாம் என்று கண்டுகொண்டதும் அதே 1965இல்தான்.

தூவப்பட்ட துளி போய் உட்காரும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். டாக்டர்கள் பேச்சில் ரிசப்டர். பூட்டும் சாவியும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது பாதிதான் உண்மை. கிளைசின் ஏற்பி பூட்டு மட்டும் இல்லை, கதவும் அதுவே. ஐந்து புரதத் துண்டுகள் பீப்பாய்ப் பலகைகள் மாதிரி வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை விட்டிருக்கும். வெளிப்பக்கத்தில் கிளைசின் வந்து உட்கார்ந்ததும் பலகைகள் சற்றே திரும்பும், துளை திறக்கும், குளோரைடு அயனிகள் செல்லுக்குள் ஓடும். காபாவுக்கான ஏற்பிகளில் ஒரு வகையும் இதே கட்டமைப்புதான். குளோரைடு என்பது நம் உப்பில் பாதி. எதிர்மின் சுமை உள்ளது. நரம்புச் செல்லின் உட்புறம் ஏற்கெனவே எதிர்மின்னில், 65, 70 மில்லிவோல்ட் கீழே இருக்கும். அது மேலே ஏறி ஒரு எல்லையைத் தொட்டால்தான் செல் வெடித்துச் செய்தி அனுப்பும். குளோரைடு உள்ளே வந்தால் ஏறுவதற்குப் பதில் இன்னும் இறங்கும், அல்லது ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அடக்குவது என்பது இவ்வளவுதான்: ஒரு பிடி உப்பு, உள்ளே.

இந்தக் கதவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான சாட்சி நம் ஊர்க் காட்டிலேயே நிற்கிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கோயில் காடுகளில் எட்டி மரம் இன்றும் உண்டு. பழம் பார்க்க ஆரஞ்சு மாதிரி அழகாக இருக்கும். எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. உள்ளே இருக்கும் எட்டிக்கொட்டை பழைய காலத்துக் காசு போலத் தட்டையாக, மேலே பட்டு மயிர் மினுங்க இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதற்குள் இருப்பது ஸ்ட்ரிக்னின். 1818இல் பாரிசில் பெல்லத்தியே, கவந்து என்ற இரண்டு மருந்தாளுநர்கள் எட்டி இனத்து விதைகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்ததும் இவர்களே. என் தொழில்காரர்கள் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை.

ஸ்ட்ரிக்னின் செய்வது ஒரே வேலை. கிளைசின் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கதவைத் திறக்காது, திறக்க வருகிற கிளைசினையும் விடாது. அந்த விஷம் ஏறியவர் நினைவு தப்புவதில்லை. முழு நினைவோடு இருப்பார். பக்கத்தில் ஒரு தட்டு விழுந்தால், யாராவது லேசாகத் தொட்டால், உடம்பு வில்லாக வளைந்து முறுக்கிக்கொள்ளும். சின்னத் தூண்டலை அடக்க ஆள் இல்லை என்பதால் எல்லாமே பெரிதாகிவிடுகிறது. ரணஜன்னி (டெட்டனஸ்) வந்தவரை இருட்டறையில் சத்தமில்லாமல் படுக்க வைப்பதும் இதே காரணத்தால்தான். அந்தக் கிருமியின் நஞ்சு நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கு ஏறிப்போய், கிளைசினும் காபாவும் தூவப்படுவதையே நிறுத்திவிடுகிறது. ஒன்று கதவை அடைக்கிறது, இன்னொன்று கதவைத் தட்ட வருகிற ஆளையே கட்டிப் போடுகிறது. விளைவு ஒன்றுதான்.

(எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்து சித்த மருத்துவத்தில் பயன்படுத்துவது உண்டு. அது படித்தவர்கள் கையில் இருக்க வேண்டிய வேலை. வீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம்.)

ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த விஷம் நல்ல கருவியாக வாய்த்தது. ஸ்ட்ரிக்னின் இந்த ஏற்பியை விடாப்பிடியாகப் பிடிக்கும் என்பதால், அதையே தூண்டில் முள்ளாக வைத்து 1982இல் ஜெர்மானியர்கள் எலியின் தண்டுவடத்திலிருந்து கிளைசின் ஏற்பியைத் தனியாகப் பிடித்து வெளியே எடுத்தார்கள். 1989இல் வந்த இன்னொரு சோதனைதான் எனக்கு அத்தையை நினைவுபடுத்தியது. எலியின் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் மிகச் சின்ன அளவு ஸ்ட்ரிக்னினைச் செலுத்தினார்கள். தோலில் காயம் இல்லை, நரம்பில் வெட்டு இல்லை. முடியை லேசாக வருடினாலே எலி வலியில் துடித்தது. வருடல் வலியாக மாறிவிட்டது.

இதை வைத்து யோசித்தால் ஒன்று புரியும். தொடு இழையிலிருந்து வலிப் பாதைக்குப் போக ஒரு குறுக்குச் சந்து எல்லோருக்கும் எப்போதும் இருக்கிறது. யாரும் புதிதாக வெட்டியது இல்லை. கிளைசின்காரர்கள் அதன் வாயில் உட்கார்ந்து இரவு பகலாக அடைத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்து போனால் முந்தானையின் உரசல் அந்தச் சந்து வழியாக நுழைந்து வலிப் பாதையில் ஏறிவிடும். மூளைக்குப் போய்ச் சேர்வது கலப்படம் இல்லாத, நிஜமான வலிச் செய்தி. மூளை அதைக் கற்பனை செய்யவில்லை.

ஆனால் அத்தை எட்டிக்கொட்டை தின்னவில்லை. அப்படியானால் நாள்பட்ட வலியில் அந்தக் காவல்காரர்களுக்கு என்னதான் ஆகிறது? மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அதற்குள் பல வகை இருக்கிறது, வகைக்கு ஒரு கோளாறு.

மூட்டு வீக்கம் மாதிரி அழற்சியோடு வரும் வலியில் நடப்பது ஒரு மாதிரி. அழற்சி வந்தால் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஊறும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் அதன் உற்பத்தியை மட்டுப்படுத்துகிற மாத்திரைகள். அது வீங்கிய மூட்டில் மட்டும் ஊறுவதில்லை, தண்டுவடத்திலும் ஊறுகிறது. அங்கே அது கிளைசின் ஏற்பியின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, ஆல்ஃபா 3 என்ற துண்டு உள்ள ரகத்தை, மந்தமாக்கிவிடுகிறது. 2004இல் வந்த ஆய்வு இது. அந்த ஆல்ஃபா 3 துண்டே இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்கு, அழற்சி வந்தும் வலி மற்ற எலிகள் அளவுக்கு நீடிக்கவில்லை. பிரேக்கைத் தளர்த்துவதற்கென்று உடம்பே ஒரு திருகை வைத்திருக்கிறது என்று அர்த்தம். அடிபட்ட காலைக் கொஞ்ச நாள் நொந்துபோக வைத்தால்தான் அதற்கு ஓய்வு கொடுப்போம் என்று உடம்பு கணக்குப் போட்டிருக்கலாம். என் ஊகம் இது.

நரம்பே அடிபட்ட வலி வேறு மாதிரி. அக்கிக்குப் பிறகு அத்தைக்கு வந்திருப்பது இந்த வகை. இது கொஞ்சம் நுணுக்கம், ஆனால் 2015 மழையைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே பிடிபடும்.

தெருவில் மழைத் தண்ணீர் நிற்கிறது. வாய்க்கால் கடைசியில், ஆறு சேரும் இடத்தில் ஒரு ஷட்டர். ஆள் வந்து ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் ஆற்றுக்கு வடிந்து தெரு அமைதியாகிவிடும். எதனால் வடிகிறது? ஷட்டரைத் தூக்கியதால் என்று சொன்னால் பாதி பதில். ஆற்றின் மட்டம் தெருவை விடக் கீழே இருப்பதால் வடிகிறது. முகத்துவாரம் திறந்து, ஆறு கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும் வரை அந்த மட்டம் தாழ்ந்தே இருக்கும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். ஆற்று மட்டம் ஏறும். இப்போதும் அதே ஆள் வருகிறார், அதே ஷட்டரைத் தூக்குகிறார். தண்ணீர் வடியாது. மட்டம் இன்னும் ஏறிவிட்டால் ஆற்றுத் தண்ணீரே தெருவுக்குள் வந்துவிடும். ஆள் மேல் குற்றம் இல்லை. ஷட்டர் மேலும் குற்றம் இல்லை.

நரம்புச் செல்லில் ஷட்டர் என்பது நாம் பார்த்த கிளைசின், காபா ஏற்பிகள். செல்லின் உட்புறம்தான் ஆறு. அங்கே குளோரைடு மட்டம் எப்போதும் தாழ்வாக இருக்க வேண்டும். வெளியே இருப்பதில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உள்ளே இருக்கும். கதவைத் திறந்ததும் குளோரைடு உள்ளே பாய்வது அதனால்தான். அந்தத் தாழ்வைக் காப்பாற்றுவது செல்லின் சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பம்ப். பெயர் கே.சி.சி.2. ஒரு பொட்டாசியத்தை வெளியே விடும்போது ஒரு குளோரைடையும் கையோடு இழுத்துக்கொண்டுபோய் வெளியே தள்ளும். (ஆறு கடலுக்குப் போகிறது, பம்ப் வந்த இடத்துக்கே திருப்பித் தள்ளுகிறது. அந்த இடத்தில் என் உவமை கொஞ்சம் ஒழுகும். விட்டுவிடுங்கள்.)

2003இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த ஒரு ஆய்வு இந்தப் பம்பைத்தான் கையும் களவுமாகப் பிடித்தது. எலியின் காலுக்குப் போகும் நரம்பைச் சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையத்தைப் போட்டார்கள். சில நாளில் அந்தக் காலில் தொட்டாலே வலி. தண்டுவடத்தைப் பார்த்தால், வலிச் செய்தியை மேலே அனுப்பும் முதல் அடுக்குச் செல்களில் கே.சி.சி.2 குறைந்திருந்தது. உள்ளே குளோரைடு மட்டம் ஏறியிருந்தது. காபாவைத் தூவினால் சில செல்கள் அடங்குவதற்குப் பதிலாகக் கிளர்ந்தெழுந்தன. அப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. எந்தக் காயமும் இல்லாத, நன்றாக இருந்த எலிகளை எடுத்து, தண்டுவடத்தில் அந்தப் பம்பை மட்டும் முடக்கிப் பார்த்தார்கள். அதற்கே வலி வந்துவிட்டது.

பம்பை யார் நிறுத்துகிறார்கள் என்பதை அதே குழு 2005இல் சொன்னது. மைக்ரோகிளியா என்று ஒரு வகைச் செல்கள் உண்டு. நரம்புச் செல்கள் அல்ல, நரம்பு மண்டலத்தின் துப்புரவும் காவலும் பார்க்கிறவை. நரம்பு அடிபட்ட சேதி தண்டுவடத்துக்கு வந்ததும் இவை விழித்துக்கொண்டு பி.டி.என்.எஃப். என்ற பொருளைச் சுரக்கின்றன. அதைப் பார்த்ததும் வலிச் செல் தன் பம்பைக் குறைத்துக்கொள்கிறது. ஒரு திருத்தம் உண்டு: இந்த ஆய்வுகள் பல ஆண் எலிகளில் நடந்தவை. பெண் சுண்டெலிகளில் மைக்ரோகிளியாவை நம்பாத வேறு பாதை இருக்கிறது என்று 2015இல் தெரிந்தது. அங்கே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் கை கொடுக்கின்றன. அத்தைகளின் வலியை ஆண் எலிகளை மட்டும் வைத்துப் படித்துக்கொண்டிருந்தோம் என்பது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

இன்னொன்று. கருவில் வளரும் நரம்புச் செல்களில் இந்தப் பம்ப் இன்னும் சரியாக வந்திருக்காது. அந்தப் பருவத்தில் காபா அடக்குவதில்லை, கிளறுகிறது. நாள்பட்ட வலியில் சிக்கிய செல் ஒரு வகையில் பச்சைப் பிள்ளையாகத் திரும்பிப் போகிறது.

அடக்கும் செல்களே செத்துப் போகின்றன என்று சில ஆய்வுகள் சொன்னதுண்டு. வேறு சிலர் எண்ணிப் பார்த்து, செல் எண்ணிக்கை குறையவில்லை என்றார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

தண்டுவடத்தின் பிரேக்கை மேலிருந்தும் மிதிக்க முடியும் என்பதைச் சொல்லியாக வேண்டும். சிங்காரத்தோப்பில் படகிலிருந்து இறங்கும் மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள். நடுக்கடலில் வலை இழுக்கிற மும்முரத்தில் கையில் முள் ஏறியதே தெரியாமல், கரைக்கு வந்து டீ குடிக்கும்போது வலிக்கத் தொடங்கிய கதை யாரிடமாவது இருக்கும். மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்கி வரும் நரம்புகள் தண்டுவடத்தில் நார்அட்ரினலின், செரட்டோனின் போன்றவற்றைத் தூவி வலிச் செய்தியை அங்கேயே அமுக்க முடியும். 1969இல் ரேனால்ட்ஸ் என்பவர் எலியின் நடுமூளையில் ஒரு புள்ளிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டு, மயக்க மருந்தில்லாமலே வயிற்றில் அறுவை செய்து காட்டினார்.

இனி என் கவுண்டருக்கு வருகிறேன். அத்தையின் சீட்டில் இருந்தவை காபாபென்டினும் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலினும். காபாபென்டின் என்ற பெயரிலேயே காபா இருக்கிறது. காபாவைப் போலவே இருக்க வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்தார்கள். பெயரைப் பார்த்து, காபா ஏற்பியில் வேலை செய்யும் என்று நானே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அந்த ஏற்பியைத் தொடுவதே இல்லை! செய்தி கொண்டுவரும் நரம்பு முனையில் இருக்கும் கால்சியம் வாய்க்கால்களின் ஒரு துணைத் துண்டைப் பிடித்துக்கொண்டு, முனை தூவும் அளவைக் குறைக்கிறது. பிரிகாபாலினும் அப்படியே. பிரேக்கை மிதிக்க முடியாததால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிற வேலை. அமிட்ரிப்டிலினைப் பார்த்துவிட்டு, "இது மனச்சோர்வு மாத்திரையாமே, என்னையும் பைத்தியம்னு நினைச்சிட்டாங்களா" என்று அத்தை வருத்தப்பட்டார். மனச்சோர்வுக்குக் கொடுப்பதை விடக் குறைந்த அளவில், அந்த மேலிருந்து வரும் நார்அட்ரினலின் பிரேக்குக்குத் தெம்பு கொடுக்கத்தான் இதைத் தருகிறார்கள். சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வருத்தம் மிச்சமாகியிருக்கும்.

காபா ஏற்பியின் மேலேயே நேரடியாக வேலை செய்கிற மருந்து இல்லையா? இருக்கிறது, டயசபாம். காபா வந்து உட்காரும்போது கதவை இன்னும் நன்றாகத் திறக்க வைக்கும். சிக்கல் என்னவென்றால் அதே ஏற்பி மூளை முழுக்க இருக்கிறது. வலி குறைவதற்கு முன்னால் தூக்கம் வந்துவிடும், பிறகு பழக்கமாகிவிடும். 2008இல் சுவிட்சர்லாந்தில் எலிகளை வைத்து ஒரு வழி காட்டினார்கள்: தூக்கம் வரவைக்கும் காபா ஏற்பியில் ஆல்ஃபா 1 துண்டு இருக்கிறது, தண்டுவடத்தில் வலியை அடக்குவதில் ஆல்ஃபா 2, ஆல்ஃபா 3 துண்டுகள் உள்ளவைதான் முக்கியம். பின்னதை மட்டும் தொடுகிற மருந்து கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஷட்டர் கதையை மறந்துவிடக் கூடாது. ஆற்று மட்டம் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்றால் ஷட்டரை அகலமாகத் திறப்பது உதவும். நிறைய ஏறியிருந்தால் எவ்வளவு அகலமாகத் திறந்து என்ன பயன்? அதனால்தான் சிலர் கதவை விட்டுவிட்டு, கே.சி.சி.2 பம்பைத் திரும்ப ஓட வைக்கும் பொருட்களைத் தேடுகிறார்கள். என் கடை அலமாரிக்கு அப்படி எதுவும் இன்னும் வரவில்லை.

ஒரு கடைக்காரனாக இதையும் சொல்ல வேண்டும். பிரிகாபாலினைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகக் கேட்டது என்று சீட்டில்லாமல் கேட்டு வருகிறவர்கள் அதிகம். வயதானவர்களுக்குத் தலை சுற்றும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்கள். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. 50 வயது தாண்டியவர்களுக்கு அக்கியே வராமல் தடுக்க இரண்டு தவணைத் தடுப்பூசி இப்போது இந்தியாவில் கிடைக்கிறது. விலை அதிகம்தான், டாக்டரைக் கேட்டு முடிவெடுங்கள்.

அத்தையிடம் இதெல்லாம் சொன்னது பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடிய பிறகு. ஷட்டர் வரைக்கும் கவனமாகக் கேட்டார். குளோரைடு வந்ததும் கண் சொக்கியது. நான் நிறுத்தியதும், "அப்ப எனக்கு முகத்துவாரம் அடைச்சிருக்கு, அவ்ளோதானே?" என்றார். எலியில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன் அத்தே, உங்களுக்குத் தோலடி நரம்பிலும் கொஞ்சம் கோளாறு சேர்ந்திருக்கும் என்றேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. மூன்று பேர் முன்னால் "மனசுல" என்று சொன்ன டாக்டரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னார், அது இங்கே வேண்டாம்.

அப்போதுதான் கவனித்தேன். ரவிக்கைக்கு உள்ளே ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. மாமா போய் ஆறு வருடம் ஆகிறது. அவருடைய பழைய காட்டன் பனியன். சின்னதாகப் பிடித்துத் தைத்து, உடம்போடு ஒட்டினாற்போல் போட்டிருக்கிறார். லூசாக இருந்தால் உரசும், எரியும். இறுக்கிப் பிடித்தால் எரியவில்லை என்று அவரே கண்டுபிடித்திருக்கிறார். நரம்பு வலிக்காரர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் யோசனைகளில் இதுவும் ஒன்று. முந்தானை இனி பனியன் மேல்தான் உரசும்.

"மூணு வச்சிருக்கேன்பா, துவைச்சுப் போட," என்றார்.